கூடையில் இறங்கிய கஞ்சி

பெரிய யுத்தம் முடியப்போகிறது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்ட அந்த ஐப்பசியில், பதுளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்திலும் விஷக்காய்ச்சல் வந்தது. காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் கங்காணி பெயர் கூப்பிட்டால் பாதிப் பேர் இல்லை. குழி வெட்டவும் ஆள் கிடைக்கவில்லை.

நான் எதையும் முன்கூட்டியே செய்கிறவள். “நாளைக்குச் சாவுன்னா இவ இன்னைக்கே ஒப்பாரிக்குத் தொண்டையச் செருமுவா” என்று என் வீட்டுக்காரர் மாரிமுத்து கேலி செய்வார். பக்கத்துத் தெமோதரை வரைக்கும் காய்ச்சல் வந்துவிட்டது என்று கேட்ட அன்றே வேலையைத் தொடங்கினேன். பானை நிறைய அரிசி சேர்த்தேன். சுக்கும் கொத்தமல்லியும் இடித்து வைத்தேன். மலையிலிருந்து விழும் பீலியில் தண்ணீர் பிடித்து இருந்த பாத்திரம் எல்லாம் நிரப்பினேன். நிலையில் வேப்பிலை கட்டினேன். வரிசையாக அறைகள் கட்டிய லயத்தில் எங்கள் காம்பராக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. யாரும் உள்ளே வரக் கூடாது என்று அம்மிக்கல்லைப் புரட்டிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தோம்.

“இனி எமனே வந்தாலும் வெளியில நின்னுதான் கூப்பிடணும்” என்றார் அவர். நானும் சிரித்தேன்.

காய்ச்சல் அப்போதே எங்கள் உடம்பில் இருந்திருக்கிறது. முதலில் அவர் விழுந்தார். மறுநாள் நான். எங்கள் நாலு வயது மகள் பவுனுக்கு மட்டும் ஒன்றுமில்லை. அடுப்பு அணைந்துபோயிற்று. பானை நிறைய அரிசி இருந்தது, பொங்கத்தான் ஆள் இல்லை. பிள்ளை பச்சரிசியை மென்றுவிட்டுத் துப்பினாள். “அம்மா, பசிக்குது” என்று என் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதாள்.

கதவைத் திறக்கலாம் என்று ஊர்ந்து போனேன். கல்லில் கை வைத்ததுதான் தெரியும், அது அசையவில்லை. அங்கேயே விழுந்தேன். யாரையாவது கூப்பிடலாம் என்றால் குரல் எழும்பவில்லை. பெற்ற பிள்ளை கண் முன்னால் பட்டினி கிடக்க, பார்த்துக்கொண்டு கிடந்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

பிறகு பவுனு அழுவதை நிறுத்திவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. மாரியாத்தா, எங்க ரெண்டு பேரையும் வேணும்னாலும் எடுத்துக்கோ, புள்ளையப் பட்டினியில விட்டுறாத என்று மனசுக்குள் கேட்டேன். அழக்கூடத் தெம்பில்லை.

எங்கள் லயத்தில் காம்பராக்களுக்கு நடுவிலுள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. அந்த இடைவெளியில் பக்கத்துக் காம்பராக் காளியம்மாவின் முகம் தெரிந்தது. அவளும் காய்ச்சலில் கிடந்து அன்றுதான் எழுந்திருக்கிறாள்.

“அக்கா, கதவத் தள்ளிப் பாத்தேன், முடியல” என்றாள். பிறகு தன் கொழுந்துக் கூடையைக் கயிற்றோடு சுவருக்கு மேலே தூக்கி, எங்கள் பக்கம் மெல்ல இறக்கினாள். உள்ளே ஒரு செம்பில் கஞ்சி.

“பவுனு, எந்திரிச்சு வா தங்கம். செம்ப ரெண்டு கையால புடி. மொதல்ல நீ குடி. பெறகு அம்மா வாயில கொஞ்சங் கொஞ்சமா ஊத்து.”

சுருண்டு கிடந்த பிள்ளை எழுந்து போனாள். குடித்தாள். எனக்கும் ஊற்றினாள். அவள் அப்பாவுக்கு ஊற்றியது கடைவாய் வழியாக வெளியே வந்துவிட்டது.

அவர் மறுநாள் விடியற்காலை போய்விட்டார். ஆட்கள் கூரைத் தகரத்தைக் கழற்றி உள்ளே இறங்கி, கல்லை நகர்த்தித்தான் அவரை எடுத்தார்கள்.

உன்னை எழுப்பியது யார் என்று பின்னால் காளியம்மாவைக் கேட்டேன். “ஒங்க புள்ள அழுற சத்தம் நின்னு போச்சு. பயந்து எந்திரிச்சேன்” என்றாள். நான் எதற்குப் பயந்து கூப்பிட்டேனோ, அதைக் காட்டியே ஆத்தா அவளை எழுப்பியிருக்கிறாள்.

“புருஷனைக் கொடுத்துட்டு எதுக்குடி ஆத்தாவுக்குப் பொங்கல் வைக்கிற?” என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கும் ஆத்தாமேல் கோபம் உண்டு. சில நாள் கோயிலில் நின்று சண்டை போட்டிருக்கிறேன். ஆனாலும் நான் கேட்டது பிள்ளையின் பசிக்கு. அதை அவள் தீர்த்தாள். இன்று லயத்தில் எந்தக் காம்பராவில் சத்தம் இல்லையோ, அங்கேதான் முதலில் போய் எட்டிப் பார்க்கிறேன்.

உங்களுக்கும் சொல்கிறேன். அரிசி சேர்த்து வையுங்கள், சுக்கு இடித்து வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாம் இருந்தும் கை ஓய்ந்துபோகிற நாள் வந்தால் ஆத்தாவைக் கூப்பிடுங்கள். சத்தமாகக் கூப்பிட வேண்டும் என்றில்லை. அன்று நான் வாயே திறக்கவில்லை.