ஆறாவது ஆளின் அரிசி

சேகுமதாரிடம் என் படகு எஞ்சினைக் கொடுத்தாலே எனக்கு இரத்தம் கொதிக்கும். கெட்டிக்கார வேலையாள்தான், நயினாதீவில் எஞ்சின் திருத்த அவனை விட்டால் ஆளில்லை. ஆனால் எல்லாம் பூட்டி முடித்த பிறகு நிலத்தில் ஒரு வாசர் வளையம் மிஞ்சிக் கிடந்தால் போதும், முழு எஞ்சினையும் திரும்பக் கழற்றுவான்.

"அது இல்லாமலும் ஓடுங்காணும்" என்று கத்துவேன்.

"ஓடும் அன்ரனி அண்ணை. ஆனா அதுக்கும் ஒரு இடம் இருக்கெல்லோ" என்பான்.

அங்கே அக்கரையில், குறிகட்டுவான் துறையில், படகுக்குக் காத்திருக்கிற சனம் என்னைத் திட்டிக்கொண்டு நிற்கும். இங்கே இவன் வாசருக்கு இடம் தேடுவான். விசர் வராமல் என்ன செய்யும்?

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, சண்டையால் கண்டி வீதி பூட்டுப்பட்டு அரிசிக்கு நாங்கள் நாயாய் அலைந்த காலம். நோன்பு மாதம் முழுக்கச் சேகுமதார் வீட்டில் பிட்டும் கூழுந்தான். கூப்பனுக்குக் கிடைத்த அரிசியில் பாதியை ஒரு பிஸ்கற் தகரத்தில் போட்டு மூடி வைத்திருந்தான். "ஏன்காணும், பிள்ளைகளுக்குச் சோறு குடுத்தால் என்ன?" என்று கேட்டேன். பெருநாள் தொழுகைக்கு முதல், தனக்காகவும் தன்னை நம்பியிருக்கிற ஒவ்வொரு ஆளுக்காகவும் பத்துச் சுண்டு, இரண்டரைக் கிலோ மட்டில், அரிசி ஏழை வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டுமாம். பித்றா என்று பெயர். அவன், மனைவி லைலா, கண் தெரியாத தாய், இரண்டு பெண் பிள்ளைகள். ஐந்து பேர், ஐம்பது சுண்டு. லைலாவுக்கு அப்போது எட்டு மாதம். வயிற்றுப் பிள்ளைக்குக் கடமை இல்லையென்றாலும், முந்திப் பிறந்துவிட்டால் தேவைப்படுமென்று அவன் பத்துச் சுண்டு கூடவே சேர்த்து வைத்திருந்தான். நானும் சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

பெருநாளுக்கு முதல் நாள் மத்தியானம் லைலாவுக்கு நேரங்கெட்ட நேரத்தில் வயிற்றுக்குத்து எழும்பிவிட்டது. துறையில் நேவிக்காரன் நோயாளியையும் படகுக்காரனையும் மட்டும் விடுவேன் என்றான். சேகுமதார் கும்பிடாத குறையாகக் கேட்டும் ஏலாது என்றுவிட்டான். குறிகட்டுவானில் என் மனைவி ஜெனீற்றாவையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு, வான் பிடித்து, ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

பின்னேரம் ஐந்தேகாலுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. உள்ளங்கை இரண்டுக்குள் அடங்கும் பிள்ளை. அழுகையோ விறாந்தை வரைக்கும் கேட்டது. இரவு எட்டு மணிக்கு அந்த அழுகை நின்றுவிட்டது. நானும் ஜெனீற்றாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

விடியற்காலை நான் வெளிக்கிடும்போது லைலா என் கையைப் பிடித்தாள். "அண்ணை, அவரிட்டை நேரத்தைச் சொல்லுங்கோ. ஐந்தேகால். மறக்காதேங்கோ, ஐந்தேகால்."

பாவம், மனம் பேதலித்துப் பேசுகிறாள் என்று நினைத்தேன். பிள்ளை போன பிறகு மணிக்கூடு எதற்கு?

போன் எல்லாம் செத்துக் கிடந்த காலம். செய்தி என் வாயில்தான் இருந்தது. வழி நெடுக ஆமிச் சோதனை. நயினாதீவில் இறங்க ஏழரை. எட்டு மணிக்குத் தொழுகை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் தக்பீர் முழக்கம் போய்க்கொண்டிருந்தது. சேகுமதாரின் பிள்ளைகள் இரண்டும் புதுச் சட்டையோடு வீட்டு வாசலில் நின்றன. அதைப் பார்த்ததும் என் நெஞ்சு இடம் கொடுக்கவில்லை. பெருநாள் தொழுகையையாவது நிம்மதியாகத் தொழட்டும், பிறகு சொல்லலாம் என்று முடிவெடுத்தேன். எங்கள் வேதக்கார ஆட்களில் கலியாண வீடென்றாலும் பூசை முடியும்வரை சாவுச் செய்தியை அடக்கி வைப்போம். அது எங்கள் மரியாதை.

சேகுமதார் ஆறு பைகளைக் கட்டி வைத்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"லைலா சுகம். ஒண்டுக்கும் பயப்பிடாதையும்" என்றேன். அது உண்மை.

"பிள்ளை?"

"இன்னும் பிறக்கேல்லை."

அவன் நீளமாக மூச்சு விட்டான். பிறகு ஆறாவது பையை அவிழ்த்து, அரிசியைத் தகரத்திற்குள் திரும்பக் கொட்டினான். ஐந்து பைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தான். நான் இரண்டை வாங்கிக்கொண்டேன்.

"ஏன்காணும், அதைக் கொட்டினீர்?"

"நேற்றுப் பொழுது படேக்கை உயிரோடை இருந்த ஆக்களுக்குத்தான் கடமை அண்ணை. ஒரு நிமிசம் முந்திப் பிறந்திருந்தாலும் அவனும் இந்த நோன்பைக் கண்ட ஆள். என்ரை கணக்கிலை ஒரு ஆள். தொழுகைக்கு முதல் குடுத்திடவேணும். பிந்தினால் அது வெறும் தானந்தான்."

ஐந்தேகால். மறக்காதேங்கோ, ஐந்தேகால். அவள் புத்தி தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறாள். மடையன் நான்தான்.

சுலைகா உம்மா வீட்டுப் படலை வாசலுக்கு வந்துவிட்டோம். புருசனை இழந்து இரண்டு குமர்ப்பிள்ளைகளோடு இருக்கிற மனிசி. சேகுமதார் பைகளை இறக்கி வைத்து, "ஐந்து பேருக்கு" என்றான். ஒலிபெருக்கி நின்றிருந்தது. எட்டுக்கு இன்னும் பத்து நிமிடம்.

"சேகு" என்றேன். "நான் பொய் சொல்லிப்போட்டன். பிறந்திட்டான். ஐந்தேகாலுக்கு."

அவன் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன், அதை அடுத்த சொல்லால் அணைத்தவனும் நான்தான்.

"ராத்திரி எட்டு மணிக்கு மோசம் போயிட்டான்."

அவன் படலைத் தடியைப் பிடித்துக்கொண்டான். என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அழுதவனோ?" என்றான்.

"ஓம். விறாந்தை முழுக்கக் கேட்டது."

"பொழுது படேக்கை?"

"பொழுது படேக்கையும் அழுதுகொண்டுதான் இருந்தவன்."

அவன் திரும்பி ஓடினான். நாற்பத்தைந்து வயது மனிசன், சாரத்தை மடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினான். நானும் பின்னால் ஓடினேன். வீட்டில் தகரத்தைத் திறந்து சுண்டால் அள்ளினான். அவசரத்தில் முதல் இரண்டு சுண்டும் பாதி நிலத்தில் சிந்தின. அவற்றை எண்ணவில்லை, திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினான். எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்தாவது சுண்டை அவன் தலைதட்டாமல் குவித்தே போட்டான்.

நாங்கள் திரும்பி ஓடி வந்தபோது படலையில் சுலைகா உம்மா அப்படியே நின்றிருந்தாள். பள்ளிவாசலில் சனம் வரிசைக்கு எழும்பும் சத்தம் கேட்டது.

"ஐஞ்சு பேருக்கும் தந்திட்டீங்களே தம்பி. இது ஆருக்கு?"

சேகுமதார் பையை அவள் கையில் வைத்தான்.

"என்ரை மகனுக்கு" என்றான்.