திறந்து பார்க்காத பெட்டி

அப்போது நான் ராயபுரத்தில் ஒரு பொது மருத்துவமனையின் மருந்துக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தேன். மழைக்காலத்துக்கு முன்னால், காலரா பரவினால் சமாளிக்க எல்லாம் தயாரா என்று கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. சலைன் ஏற்றும் ரப்பர் குழாய்கள் பரண்மேல் ஒரு பெட்டியில் இருந்தன. ஏணி போட்டு ஏறச் சோம்பல்பட்டு, "அனைத்தும் தயார்" என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

வெள்ளம் வடிந்ததும் சடையங்குப்பம் பக்கமிருந்து நோயாளிகள் வண்டி வண்டியாக வந்தார்கள். வார்டு நிரம்பி, வராந்தாவில் பாய் விரித்தோம். டாக்டரம்மா குழாய் கேட்ட பிறகுதான் பெட்டியை இறக்கினேன். குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், கை பட்டதும் பிய்ந்தன.

துறைமுகக் கூலி ஒருவர் மனைவியின் தலையை மடியில் வைத்திருந்தார். "இன்னா சார், மருந்து கீதுன்றாங்க, ஏத்த மாட்டேன்றாங்களே?" என்றார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேறொரு ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். புதுக் குழாய்களோடு திரும்பியபோது அந்தப் பெண்ணின் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள்.

அவர் எழுந்துவந்து என் கைகளைப் பிடித்துக்கொண்டார். "நீ இன்னா நைனா பண்ணுவே? எங்களுக்காவ அம்மாந்தூரம் மிதிச்சிகினு போனியே, நீ நல்லா இருக்கணும்" என்றார்.

பரண், பெட்டி, நான் எழுதிய பொய், எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தன. தலையை மட்டும் ஆட்டினேன்.

பிறகு ஓய்வுபெறும் வரை மாதந்தோறும் ஒவ்வொரு குழாயையும் இழுத்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். சோம்பலைக்கூட என்னால் மன்னிக்க முடிகிறது. எனக்குச் சேராத அந்த வாழ்த்தைப் பேசாமல் வாங்கிக்கொண்டதைத்தான் முடியவில்லை.