மாமியாருக்கு ஓர் அறை

நைரோபி ரிவர் ரோட்டில், மேற்கிலிருந்து வரும் பஸ்கள் ஆட்களை இறக்கிவிடும் இடத்தில் என் டீக்கடை. கடை என்பது நானே அதற்குக் கொடுத்துக்கொண்ட மரியாதை. ஒரு கரியடுப்பு, இரண்டு பெஞ்சு, தலைக்கு மேல் ஒரு தகரம், அவ்வளவுதான். டீ போடுவேன், மன்டாசி பொரிப்பேன். பொரித்த மாவு சின்னதாக இருக்கிறது என்று சண்டைக்கு வருவார்கள். நாள் முழுக்க பஸ்ஸில் குலுங்கி வந்தவர்களுக்குச் சண்டை போட ஏதாவது ஒன்று வேண்டும்.

பெஞ்சுகளில் ஒன்று கிட்டத்தட்ட ஒகாடாவுடையது. முதன்முறை இந்த ஊருக்கு வருகிறவர்களுக்குத் தங்க இடம் பார்த்துக் கொடுப்பது அவன் தொழில். விடுதிக்காரர்கள் ஏதோ கொடுப்பார்கள், வந்தவர்கள் ஏதோ கொடுப்பார்கள், சிலர் திட்டு மட்டும் கொடுப்பார்கள். பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, மாடிகளை அண்ணாந்து பார்க்காத மாதிரி நடித்துக்கொண்டு யாராவது நின்றால் ஒகாடா எழுந்திருப்பான்.

"அண்ணே, ஒரு ரூம் வேணும். மலிவா இருக்கணும்."

"சரி."

"எல்லாத்துக்கும் பக்கத்துல இருக்கணும்."

"சரி."

"சுத்தமா இருக்கணும்."

"அது நடக்காது. மூணுல ரெண்டு சொல்லு. மூணும் சேர்ந்த ரூம் நைரோபியில இன்னும் கட்டலை."

இதை அவன் சிரிக்காமல் சொல்வான். ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அது நின்று இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. அவன் மனைவி அகுமு செத்துப் போனதிலிருந்து எல்லாவற்றையும் ஒரே குரலில்தான் சொல்கிறான். பிள்ளை கிடையாது. முட்டி வலி உண்டு. கீழே பார் இருக்கும் விடுதி எது, தண்ணீர் காலையில் மட்டும் வரும் விடுதி எது, மணிக்கணக்கில் அறை விடும் விடுதி எது என்று எல்லாம் தெரிந்தவன்தான். ஆனால் நன்றாகத் தூங்கினவன் ஒருவனும் மறுநாள் வந்து நன்றாகத் தூங்கினேன் என்று சொன்னதில்லை. மூட்டைப்பூச்சி கடித்தவன் மட்டும் விடியும் முன்பே சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டிக்கொண்டு வந்துவிடுவான். இந்தப் பிழைப்பில் ஆள் களைத்துப் போகாமல் என்ன செய்வான்?

எல்லா விடுதியிலும் ஒரு பலகை தொங்கும்: விட்டுச் சென்ற பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. என் பெஞ்சில் யாராவது குடையை மறந்துவிட்டுப் போனால் ஒகாடா அதை எடுத்துத் தலைக்கு மேல் விரித்துக்கொண்டு, "நிர்வாகம் பொறுப்பல்ல" என்பான். அவனிடம் மிச்சமிருந்த ஒரே வேடிக்கை அதுதான்.

அவனிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் மாமியார்கள். எங்கள் மேற்குப் பக்கத்தில், ஒகாடாவின் லுவோ இனம் ஆகட்டும் என் லுஹ்யா இனம் ஆகட்டும், பெண்ணைக் கொடுத்தவள் மருமகன் கூரைக்குக் கீழே இரவு படுக்கக் கூடாது. அவன் படுக்கும் கட்டிலைப் பார்க்கவும் கூடாது. முகத்துக்கு முகம் பார்த்துப் பேச்சும் கிடையாது. ஊரில் இது சுலபம், படுக்க வேறு குடிசை இருக்கும். நைரோபியில் வீடு என்றாலே ஓர் அறை; கட்டில், அடுப்பு, மருமகன் எல்லாம் அதற்குள். மகளுக்குப் பிரசவம் என்று வந்தாலும் மாமியார் படுப்பது விடுதியில்தான்.

போன வருடம் ஒரு நாள் ஒகாடா டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, அவங்க வராங்க."

"எவங்க?"

"அவங்கதான். அகுமுவோட அம்மா."

"அவங்களுக்குப் பேர் இல்லையா?"

"இருக்கு."

"சொன்னா நாக்கு அழுகிடுமா?"

"கேலி பண்ணாதீங்க அக்கா. மாமியார் பேரை எவனாவது வாயால சொல்லுவானா?"

அபோன்டி என்பது அந்த அம்மாவின் பெயர். எனக்கு அது பிற்பாடுதான் தெரிந்தது. சின்ன வயதிலேயே அம்மையில் இடது கண் போய்விட்டது. இப்போது வலது கண்ணிலும் புரை. ஊர்ப்பக்கத்துக் கிசுமு டாக்டர்கள் மிச்சமிருக்கும் ஒற்றைக் கண்ணில் கைவைக்கப் பயந்து நைரோபி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பெண் செத்துவிட்டாள், பேரப்பிள்ளை இல்லை, அவன் உனக்கு யார் என்று ஊரில் கேட்டிருக்கிறார்கள். நைரோபியில் வேறு யாரை எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு ஒகாடாவுக்குப் போன் போட்டிருக்கிறாள்.

"ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள் அனுப்பிடுவாங்களாம். கட்டுப் போட்டிருக்கும், ஒண்ணுமே தெரியாது. அதுக்கு அடுத்த நாள் காலையில வந்து கட்டை அவிழ்க்கணும். நடுவுல ஒரு ராத்திரி" என்றான். பிறகு, "ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் ரூம் பார்த்துக் கொடுத்தேன். இவங்களுக்கு அந்த ஒரு ராத்திரி நல்லபடியா அமையலைன்னா நான் எதுக்கு அக்கா இருக்கேன்?" என்றான்.

ஆறிப்போன அவன் டீயை வாங்கிக் கொட்டிவிட்டு வேறு ஊற்றிக் கொடுத்தேன்.

ஒரு வாரம் அலைந்து, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு சர்ச் விடுதியைப் பிடித்தான். கீழ்த்தளம், மரம் செடி, குடி கிடையாது, கூச்சல் கிடையாது. மலிவும் கிடையாது. "ரெண்டு இருந்தா போதும், மூணாவதை நான் பார்த்துக்கறேன்" என்றான்.

அபோன்டி அம்மா ஒரு சாயங்காலம் வந்து இறங்கினாள். குச்சி மாதிரி உடம்பு, கையில் காய்ந்த ஓமேனா மீன் ஒரு மூட்டை. அந்த வாசனை அவளுக்கு முன்னால் இறங்கிவிட்டது. ஒகாடா என் தகரத்துக்குப் பின்னால் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டான். இனி இருவருக்கும் நடுவில் நான்தான் தபால்.

"மகளே, அவர் சாப்பிட்டாரான்னு கேளு."

"கேக்குதா தம்பி? சாப்பிட்டியாம்."

"சாப்பிட்டேன்னு சொல்லுங்க அக்கா. பிரயாணம் எப்படின்னு கேளுங்க."

"பஸ்ஸுக்கு முதுகெலும்பே இல்லைன்னு சொல்லு."

என் டீயெல்லாம் ஆறிப் போனது. ஒரு வழியாக ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் மத்தியானம் கண்ணில் பெரிய கட்டோடு அவளை டாக்சியில் ஏற்றிக்கொண்டு சர்ச் விடுதிக்குப் போனேன். ஒகாடா நடந்தே வந்து வாசல் கேட்டுக்கு வெளியே நின்றான்.

மேசைக்குப் பின்னால் ஓர் அம்மாள், கழுத்து வரை பட்டன் போட்ட ஸ்வெட்டரில். "அபோன்டியா? அந்தப் பேர்ல ரூம் இல்லையே" என்றாள்.

"ஒகாடான்னு பாருங்க."

"அது ஆம்பளைப் பேரு. ரிவர் ரோட்டு ஆளு. வந்து நிக்கறது ரெண்டு பொம்பளை. இது அந்த மாதிரி இடம் இல்லைம்மா."

"ஐயோ, இவங்க மருமகன்மா அவன்!"

"மருமகனா? எங்கே?"

"கேட்டுக்கு வெளியே. முதுகைக் காட்டிட்டு நிக்கறான்."

அது நிலைமையை இன்னும் கெடுத்தது. அவள் மலைநாட்டுக்காரி. எங்கள் முறை அவளுக்கு எப்படித் தெரியும்? உச்சிவேளை வரை யாரும் வராததால் அந்த அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். மீன் மூட்டையைப் பார்த்து மூக்கையும் சுளித்தாள்.

நான் கேட்டுக்கு ஓடினேன். "உன் பேர்லயா எழுதி வச்சே?"

"பின்ன அவங்க பேரை எப்படி அக்கா சொல்றது?"

"ஒரு சீட்டுல எழுதிக் கொடுக்கறது!"

"எழுதினா மட்டும் சொன்னதா ஆகாதா?"

அறைந்திருப்பேன். ஆனால் அவன் முகம் ஏற்கெனவே அறை வாங்கினவன் முகம் மாதிரி இருந்தது.

அது விவசாயக் கண்காட்சி வாரம். நாடு முழுக்க உள்ள மாட்டுக்காரர்களும் சோளக்காரர்களும் நைரோபியில்தான் இருந்தார்கள். ஒகாடா தனக்குத் தெரிந்த விடுதிக்கெல்லாம் போன் போட்டான். எல்லாம் நிரம்பியிருந்தது. ஒன்றே ஒன்று காலி: மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது, கீழே பார். என் அறையில் நாங்கள் ஏழு பேர். அதுவும் டாண்டோரா, ஊரின் மறுகோடி. காலையில் நெரிசலில் ஆஸ்பத்திரிக்கு நேரத்தில் வந்து சேர முடியாது. டாக்சிக்காரன் வேறு, "பாட்டியை இறக்கறீங்களா இல்லை நானே தத்து எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஒகாடா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். "முடியலை அக்கா" என்றான். அதைப்போல அவன் சொல்லி நான் கேட்டதே இல்லை.

டாக்சிக்குள்ளிருந்து அபோன்டி அம்மா கூப்பிட்டாள். "மகளே, அவர் இருக்கற இடம் இங்கேருந்து எவ்வளவு தூரம்?"

"நடக்கற தூரம்தான்மா. ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம்."

"மாடிப்படி?"

"இல்லைம்மா, தரையோட தரை."

"பக்கத்துல பார், பாட்டு?"

"ஒரு தையல்காரியும் பாதிரியாரும் இருக்காங்க. சத்தமே இருக்காது."

"சுத்தமா?"

"அகுமு இருந்தப்போ கண்ணாடி. இப்பவும் கூட்டறான்."

சொல்லிக்கொண்டே வரும்போதுதான் எனக்கு உறைத்தது. மலிவு, பக்கம், சுத்தம். இத்தனை வருடமாக இந்த ஊரில் கிடையவே கிடையாது என்று அவன் சொல்லிக்கொண்டிருந்த அறை அவன் படுக்கும் அறைதான். இந்த ஊரில் அவள் நுழையக் கூடாத ஒரே அறையும் அதுதான்.

அவள் மீன் மூட்டையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு குரலை உயர்த்தி, கேட்டுக்கு வெளியே நிற்பவனுக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"எனக்கு நைரோபி தெரியாது. கண்ணும் கட்டியிருக்கு. நீ என்னை எந்த விடுதிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு எனக்கு எப்படித் தெரியும்? யாருதுன்னு என்கிட்ட சொல்லாதே. விடுதிக்காரர் கட்டிலை மட்டும் வெளியே எடுத்துடட்டும், நான் பாயில படுத்துக்கறேன். வாடகை கொடுப்பேன். கொடுக்காம படுக்க மாட்டேன்."

ஒகாடா முட்டி வலியை மறந்து ஓடினான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கட்டில் நடைபாதையில் நின்றது. பாதிரியார் அதன்மேல் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவனுடைய சட்டை, செருப்பு, சுவரிலிருந்த கல்யாணப் போட்டோ எதுவும் உள்ளே இல்லை. தரையைக் கழுவியிருந்தான். கட்டில்கால் நின்ற இடத்தில் நாலு குழி மட்டும் தெரிந்தது. தையல்காரி கொடுத்த மெத்தையும் பாயும் விரித்திருந்தது. அவனைக் காணவில்லை. சுவர் ஆணியில் அகுமுவின் நீலத் தலைத்துணி மட்டும் தொங்கியது. அதை அவன் எடுக்க மறந்திருக்கிறான். தினமும் பார்க்கிற பொருள் கண்ணில் படுவதில்லை.

நான் அவளோடு தங்கினேன். அவள் சுவரைத் தடவித் தடவிப் பாய்க்கு வந்தாள். ஓரிடத்தில் அந்தத் தடவும் சத்தம் நின்றது. நான் உகாலிக் களி கிண்டிக்கொண்டிருந்தேன், திரும்பிப் பார்க்கவில்லை.

காலையில் ஆஸ்பத்திரியில் கட்டை அவிழ்த்தார்கள். அவள் கண்ணைக் கொட்டிக் கொட்டி என்னையே பார்த்தாள். "குரலைக் கேட்டு நீ பெரிய ஆளுன்னு நினைச்சேன்" என்றாள். நான் சிரித்தேன், அழவும் செய்தேன். அந்த அறைக்கு அவள் திரும்பவில்லை. கண் திறந்த பிறகு அது முறையில்லை. நேராக ரிவர் ரோட்டுக்கு வந்தோம்.

பஸ் புறப்பட ஆள் சேர்ந்துகொண்டிருந்தது. ஒகாடா தகரத்துக்குப் பின்னால், முதுகைக் காட்டி நின்றான். இரவு ஆஸ்பத்திரி பெஞ்சில் இருந்திருக்கிறான், கசங்கின சட்டை சொன்னது. அவள் அந்த முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்தாள்.

"அந்த விடுதிக்காரர்கிட்ட சேர்த்துடு மகளே. நல்லாத் தூங்கினேன்னு சொல்லு."

"சொல்றேன்மா."

"இன்னொண்ணும் சொல்லணும். எனக்கு முன்னாடி அங்கே தங்கியிருந்த பொண்ணு தலைத்துணியை மறந்து விட்டுட்டுப் போயிட்டா. பாவம், இனி அவ கேட்டு வரப்போறதில்லை. நான் எடுத்துக்கிட்டேன். தப்பான்னு கேளு."

பைக்குள்ளிருந்து நீல ஓரம் தெரிந்தது. தபாலுக்கு வேலை இருக்கவில்லை. கேட்க வேண்டியவனுக்குக் கேட்டுவிட்டது. அவன் தகரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"சொல்லுங்க அக்கா" என்றான். "விட்டுட்டுப் போன பொருளுக்கு நிர்வாகம் பொறுப்பில்லைன்னு சொல்லுங்க."