எவலின் வாசிக்காத டிரம்ஸ்

"கறிக்கா, பெரட்டலுக்கா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் எவலின் பாதிக் கோழியை வெட்டி முடித்திருப்பார். மலேசியாவின் கோலா சிலாங்கூர் மார்க்கெட்டில் அவர் கடை முன் நிற்பவர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. கத்தி கட்டையில் சீராக இறங்கத் தொடங்கும். போகப் போக வேகம் கூடுமே தவிரக் குறையாது. பெரிய துண்டு கேட்டவருக்குச் சின்னத் துண்டு போய்விடுவதும் உண்டு. "குழம்புல கொதிச்சா எல்லாம் ஒண்ணுதான் லா" என்பார், சிரிக்காமல்.

முப்பத்தாறு வயது. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், எந்நாளும் கறுப்பு டீ-ஷர்ட். அப்பா வேலை பார்த்த செம்பனை எண்ணெய்த் தோட்டத்து மாதா கோயிலில்தான் முதன்முதலில் டிரம்ஸ் முன் உட்கார்ந்திருக்கிறார். பாதிரியார் மெதுவா, மெதுவா என்று கையைக் காட்டுவாராம். "நான் அவரு பக்கமே திரும்ப மாட்டேன்ணே."

'கடைசி லயம்' என்ற ராக் குழுவின் டிரம்மர் இவர்தான் என்பது கோழி வாங்க வருபவர்களில் பலருக்குத் தெரியாது. பாடுவது தீபன். கித்தாரும் ஒலிப்பதிவும் ஷர்வின்; புக்கிட் செந்தோசாவிலிருக்கும் தன் வீட்டின் பின்னறைச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி ஸ்டூடியோ ஆக்கியிருக்கிறான். முதல் ஆல்பம் வந்தபோது எழுதியவர்கள் எல்லாரும் பாட்டைப் பாராட்டிவிட்டு டிரம்ஸைத் திட்டினார்கள். 'இந்தப் பெண்ணுக்கு எங்கேயோ பஸ் போய்விடும் போலிருக்கிறது' என்று கோலாலம்பூர் இணைய இதழ் ஒன்றில் ஒருவர் எழுதினார். எவலின் சண்டைக்குப் போகவில்லை. கடை மூடியதும் வீட்டில் தலையணையை அடித்து அடித்துப் பழகினார். பிறகு ஷர்வினின் பின்னறையில் உட்கார்ந்து இரண்டாவது ஆல்பம் முழுவதும் வாசித்துக் கொடுத்தார்.

அந்த ஆல்பம் நள்ளிரவில் இணையத்தில் வெளியானது. காலையில் நான் கோழி வாங்கக் கடையில் நின்றிருந்தேன். அதே இதழில் விமர்சனம் வந்துவிட்டது என்றேன்.

"கையெல்லாம் ரத்தம். நீங்களே படிங்கண்ணே."

படித்தேன். 'இந்த முறை ஆச்சரியம் டிரம்ஸ்தான். ஒரு அடிகூட இடம் பெயரவில்லை. எவலின் காத்திருக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்.'

அவர் முகம் மலர்ந்தது. அடுத்த வெட்டுக்கு ஓங்கிய கத்தி அப்படியே நின்றது.

"ஒரு அடிகூடவா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"மூணாவது பாட்டுல நான் வேணும்னேதான முந்திப் போவேன்?"

விடியுமுன் கடைக்கு வந்துவிட்டதால் அவர் இன்னும் ஆல்பத்தைக் கேட்டிருக்கவில்லை. கையைக் கழுவி ஏப்ரனில் துடைத்துக்கொண்டு என் ஃபோனை வாங்கி இயர்ஃபோனைக் காதில் மாட்டினார். இரண்டு பெண்கள் கோழிக்குக் காத்திருந்தார்கள். பாட்டு ஓட ஓட அவர் முகம் வெளிறிக்கொண்டே போனது. அடுத்த பாட்டைத் தட்டினார், அதற்கடுத்ததையும்.

"இது என் கை இல்லண்ணே."

அங்கேயே ஷர்வினைக் கூப்பிட்டார். "யாருடா வாசிச்சது?" என்று ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார்.

"அக்கா... போன தடவ எல்லாரும் ஒங்களத்தான வச்சு செஞ்சாங்க? மறுபடி அடி வாங்க வேணாம்னுதான் ஒங்க டிரம்ஸ எடுத்துட்டு கம்ப்யூட்டர்ல போட்டேன். சொல்ல வாய் வரல."

"எத்தன பாட்டு?"

"எல்லாம்."

எவலின் ஏப்ரனைக் கழற்றி இறைச்சிக் கட்டையின் மேல் போட்டார்.

"சவுண்டு நல்லாதான லா இருக்குக்கா?" குரல் கெஞ்சியது.

"நல்லாருக்கு. எனக்கே நல்லாருக்குடா. அதாண்டா தாங்க முடியல."

அன்று அவர் மேற்கொண்டு வெட்டவில்லை. காத்திருந்தவர்களை முழுக்கோழியாக எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை கோலா சிலாங்கூரிலேயே ஒரு மண்டபத்தில் ஆல்பத்தின் அறிமுக நிகழ்ச்சி. அவர் வர மாட்டார் என்றே தீபனும் நினைத்திருந்தான். வந்தார். கதவருகே குற்றவாளி போல் நின்ற ஷர்வினிடம், "அந்த ஸ்டாண்ட தூக்கிட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

வாசித்தார், தன் கையால், தன் ஓட்டத்தில். மூன்றாவது பாட்டில் டிரம்ஸ் முந்திக்கொண்டு பாய, தீபன் சொற்களை விழுங்கியபடி பின்னால் ஓடினான். முன்வரிசைப் பிள்ளைகள் குதித்தார்கள். எனக்கு முதுகு சிலிர்த்தது. பின்னால் சுவரில் சாய்ந்திருந்த அந்த இணைய இதழ் விமர்சகர் பக்கத்திலிருந்தவரிடம், "ஆல்பத்துல இருந்த துல்லியம் எங்க? பழையபடி ஆயிட்டாங்களே" என்றார். குரலில் உண்மையான வருத்தம்.

முடிந்ததும் அம்பாங் பெச்சாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண் மேடையோரம் வந்தாள். கையில் ஆல்பத்தின் சிடி. "அக்கா, ஒரு சைன் ப்ளீஸ்."

எவலின் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். டிரம்ஸ் என்ற சொல்லுக்கு நேரே அவர் பெயர் அழகாக அச்சாகியிருந்தது. சிடியை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இன்னிக்கு டிக்கெட் வச்சிருக்கியாம்மா?"

அவள் குழம்பிப்போய் ஜீன்ஸ் பாக்கெட்டிலிருந்து கசங்கிய சீட்டை எடுத்து நீட்டினாள். எவலின் அதை டிரம்மின் மேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்தி நீவி, அதில் கையெழுத்துப் போட்டார்.