மூழ்கும்போதும் விடாத மேல்சட்டை

போன கோடையில், தாம்பரத்தை ஒட்டிய சேலையூரில் ஒரு நீச்சல் குளத்தில், மானத்தைக் காப்பாற்றிக்கொண்டே உயிரை விடப் பார்த்தேன்.

அப்போது எனக்கு ஐம்பத்தொரு வயது. முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டுப் போனால், மருத்துவர் நீச்சல் கற்றுக்கொள்ளச் சொல்லிவிட்டார். நானோ வாளித் தண்ணீருக்கு மேல் பழக்கமில்லாதவள். கடையிலேயே பெரிய நீச்சலுடையாகப் பார்த்து வாங்கினேன். தொடை வரை மேல்சட்டை, கணுக்கால் வரை கால்சட்டை. "இதுக்குத் துப்பட்டா வருமா?" என்று கேட்டதில் கடைக்காரப் பெண் சற்று ஆடிப்போனாள்.

காலையில் பெண்களுக்கு மட்டும் வகுப்பு. ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்ட கணவர், "முழுகுற மாதிரி இருந்தா ஒரு மிஸ்டு கால் குடு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். எங்கள் வீட்டில் அன்பு இப்படித்தான் வெளிப்படும்.

கற்றுக்கொடுத்தவள் கோவளம் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பெண், முப்பது வயதிருக்கும். முதல் நாளே என்னை "யக்கா" ஆக்கிக்கொண்டாள்.

இரண்டாவது வாரம், ஓரத்துக் கம்பியைப் பிடித்தபடி நகர்ந்துகொண்டிருந்தவள், கை நழுவி ஆழத்துக்குள் சரிந்துவிட்டேன். தலைக்கு மேல் தண்ணீர். மேல்சட்டை குடை மாதிரி விரிந்து மேலே எழும்பியது. என் இரண்டு கைகளும் கம்பியைத் தேடவில்லை; சட்டையைக் கீழே இழுத்துவிட்டன. அது எழும்ப, நான் இழுக்க, மறுபடி அது எழும்ப, நான் இழுக்க. மூக்கில் தண்ணீர் ஏறி, இனி அவ்வளவுதான் என்று தெரிந்த பிறகும் கைகள் அதே வேலையாகத்தான் இருந்தன.

அவள் குதித்து என்னைத் தூக்கினாள். இருமி முடித்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, "ஸாரி".

"யக்கா, உசுரு போவ சொல்லோ இன்னாத்துக்கு சட்டைய இழுத்துகினு இருந்த?"

"தூக்கிக்கிச்சும்மா."

"தூக்குனா யாரு பாக்கப் போறா? அந்தக் காக்காவா?"

மதில்மேல் நிஜமாகவே ஒரு காகம் இருந்தது. சிரித்தேன், பாதியில் அது அழுகையாகிவிட்டது. பன்னிரண்டு வயதில் யாரோ சட்டையை இழுத்துவிடச் சொன்னார்கள். யாரென்றுகூட நினைவில்லை. பேருந்தில், கல்யாண வீட்டில், பிரசவ வலியில்கூட இழுத்துவிட்டபடியே இருந்திருக்கிறேன்.

அழுது முடிக்கும்வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு, "வா, மெதந்துட்டுப் போ. இப்டியே வூட்டுக்குப் போனீன்னா நாளைக்கு வர மாட்ட" என்றாள். வரவே கூடாது என்று நான் முடிவு செய்திருந்தது எப்படியோ தெரிந்துவிட்டது.

ஆழமில்லாத பக்கத்தில் என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, முதுகுக்கடியில் உள்ளங்கையைக் கொடுத்தாள். "கைய ரெண்டு பக்கமும் விரி." சட்டை காற்றுப் பிடித்துப் பூரி மாதிரி உப்பியது. கை அங்கே போனது. இடுப்பு உடனே முழுகியது.

"அது எழும்புனா எழும்பட்டும். நீ கைய விடு."

விட்டேன். சட்டை வயிற்றுக்கு மேல் ஏறியது. இரண்டு பிள்ளைகள் பெற்ற வரிகள் எல்லாம் முதல்முறையாக வெயில் பார்த்தன. மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் விமானம் ஒன்று தாழ்வாகப் பறந்தது. ஜன்னலில் யாராவது பார்த்தால் பார்க்கட்டும் என்றிருந்தது. திரும்பினால், அவள் கைகட்டிக்கொண்டு தள்ளி நிற்கிறாள். முதுகுக்கடியில் தண்ணீர் மட்டும்தான்.

"மிஸ்டு காலே வரலியே?" என்றார் கணவர் வெளியில்.

"முழுகினேன். கை ரெண்டும் பிஸி" என்றேன். ஸ்கூட்டரைக் கிளப்பப் போனவர், கிளப்பாமல் என் முகத்தையே பார்த்தார். பிறகு என் ஈரப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

இப்போதும் நாலு பேர் எதிரில் வந்து உட்கார்ந்தால் கை தானாகச் சட்டையை இழுத்துவிடப் போகும். நான் அதைத் திட்டுவதில்லை, மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன், இத்தனை வருடம் பார்த்த வேலையை விடுவதற்குப் பாவம், அதற்கும் கொஞ்ச நாள் ஆகுமில்லையா.