பதினெட்டாம் நாள் முடிச்சு

"எலும்பு டாக்டருக்குப் படிச்சு முடிச்சாச்சு. இனிமே என்ன?" என்று தங்கை கேட்டாள்.

"கை" என்றார் அண்ணன்.

"கைன்னா? தோள்லேருந்தா?"

"மணிக்கட்டுலேருந்து விரல் நுனி வரைக்கும்."

"ஒரு சாண் இடத்துக்கு இன்னும் மூணு வருஷமா? அண்ணா, வலது கைக்கா, இடது கைக்கா?"

"சிரி, நல்லா சிரி. பிசியோதெரபி முடிச்சிட்டு நீ என்கிட்டதான் வந்து நிக்கப்போற."

அப்படியே ஆயிற்று. ஆனால் அந்த ஒரு சாணுக்கு அண்ணன் படாத பாடு பட்டார். நுண்ணோக்கியின் கீழ் கோழிக்காலின் ரத்தக் குழாய்களை வெட்டி, தலைமுடியை விட மெல்லிய நூலால் தைத்துத் தைத்துக் கண் பூத்துப்போனார். கடைசியில் அறுந்த விரல்களை ஒட்டுவதில் பேர் எடுத்தார். அவர் தைத்து அனுப்புவார். தங்கை அளவெடுத்து, விரல் அசையாமல் பிடிக்கும் பிளாஸ்டிக் பட்டை செய்து மாட்டி, ஆறு வாரம் காவல் காப்பாள். நடுவில் பட்டையைக் கழற்றியவர்களுக்கு அவரிடம் மன்னிப்பே கிடையாது. தையல் அறுந்து திரும்பி வருகிறவர்களின் கதை வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் மாணவர்கள் முன் காரணத்தோடு வாசிக்கப்பட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். காரணம் பெரும்பாலும் ஒரே வரிதான்: நோயாளி சொல்பேச்சு கேட்கவில்லை.

ஐம்பத்திரண்டாம் வயதில், கழுவும்போது உடைந்த கண்ணாடிக் குடுவை அவருடைய வலது ஆள்காட்டி விரலை மடக்கும் தசைநாணை அறுத்துவிட்டது. அந்த விரல் மடங்காவிட்டால் அறுவை அரங்கில் அவருக்கு வேலை இல்லை. அவரிடம் படித்த பெண்ணே தைத்தாள். தங்கை பட்டை மாட்டினாள்.

"ஆறு வாரம், அண்ணா."

"யாருக்கு யாரு சொல்றது!"

பதினெட்டாம் நாள் மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் பட்டையைக் கழற்றினார். தையல் எப்படிப் பிடித்திருக்கிறது என்று சோதிக்க வேண்டுமாம். நாற்காலிக் காலில் நூலைச் சுற்றி, அரங்கில் போடுகிற அதே முடிச்சைப் போட்டார். ஒன்று. இரண்டு. மூன்றாவதை இறுக்கியபோது உள்ளே ஏதோ டப்பென்றது. விரல் குச்சியாக நின்றுவிட்டது.

மறுநாளே மறுபடியும் அறுவை. இந்தத் தடவை மடங்குமா என்று தைத்தவளாலேயே சொல்ல முடியவில்லை. தங்கை கட்டிலருகே உட்கார்ந்து, வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கான படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில் பேனாவை வைத்தாள்.

"என்னண்ணா எழுதட்டும்?"

அண்ணன் கதவைப் பார்த்துக்கொண்டார். குரலைத் தணித்தார்.

"பசங்க முன்னாடி வாசிப்பாங்கம்மா. தூக்கத்துல தானா கழண்டுக்கிச்சுன்னு எழுதிடேன்."