பேத்தியின் முதல் முடியும் கட்டார் லெப்டொப்பும்

பெட்டியைத் திறந்ததும் வந்த அந்த வாசம் இன்னும் மூக்கில் நிற்கிறது... புதுப் பிளாஸ்டிக்கும் அத்தரும் கலந்த வாசம். கட்டாரிலிருந்து வரும் எந்தச் சாமானைப் பிரித்தாலும் அதுதான் முதலில் வரும்.

யுத்தம் முடிந்த வருடம். சாய்ந்தமருதில், சுனாமிக்குப் பிறகு கிடைத்த வீட்டுத்திட்ட வீட்டில் இருந்தோம். மகன் நிஸ்தார் கட்டாரில் வேலை. தன் தங்கச்சி ரினோஸா படிக்கட்டும் என்று அவன் அனுப்பிய லெப்டொப் அது. எனக்கு எழுத்து வாசனை கிடையாது. இதையும் நான் சொல்ல ரினோஸாதான் தட்டுகிறாள். ஆனாலும் லெப்டொப்பில் வெளிச்சம் வந்துவிட்டால் முன்வரிசையில் நான்தான்.

அந்த நாட்களில்தான் நிஸ்தாருக்கு இங்கே மகள் பிறந்தாள். தலை நிறைய முடி...

"முடி எறக்க முன்னுக்கு படம் எடுத்து அனுப்புங்க உம்மா. நான் புள்ளய அந்த முடியோட பாக்கணும்" என்று ஃபோனில் கெஞ்சினான்.

ரினோஸா பக்கத்து வீட்டுக் கெமராவை இரவல் வாங்கி எடுத்தாள். ஏழாம் நாள் முடி இறக்கி, பெயரும் வைத்தாயிற்று. கெமராக்காரர் மெமரி கார்டை மட்டும் எங்களிடம் தந்துவிட்டு, கெமராவோடு சவூதிக்குப் பறந்துவிட்டார்.

லெப்டொப்பின் விலாவில் ஒரு சின்னப் பிளவு. பெருநாளைக்கு அதில் வேறொரு கார்டைப் போட்டுத்தான் படம் பார்த்தோம். இப்போது ரினோஸா கார்டைச் செருகினாள்... ஒன்றுமில்லை. எடுத்து ஊதிச் செருகினாள். லெப்டொப்பை நிறுத்தித் திரும்பப் போட்டாள். ஒன்றுமேயில்லை.

"கார்ட் உள்ளுக்கு இரிக்கிறதே இதுக்குத் தெரியுதில்ல வாப்பா" என்றாள்.

தொட்டிலில் பிள்ளையின் தலையோ சிரட்டை மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது. அந்த முடி இனி அந்தக் கார்டுக்குள் மட்டும்தான்.

என் மனைவியின் தம்பி சாபுதீன் வந்தான். போட் எஞ்சின் திருத்துகிறவன். லெப்டொப்பில் காதை வைத்துக் கேட்டான்.

"காத்தாடி சுத்துது மச்சான். இழுவையும் நல்லம். எஞ்சின்ல பிழையில்ல. கல்முனைக் கடைக்குக் கொண்டு போவம்."

"மிசினக் கொண்டு போங்க. கார்ட் போகாது" என்றாள் மனைவி.

காரணம் இருந்தது. பாதிப் படங்களில் மருமகள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, தலையில் சேலை இல்லாமல் இருக்கிறாள். அதைக் கடைக்காரன் பார்ப்பதா?

"அவன் பாக்க மாட்டான் ராத்தா."

"அவன் பாக்காட்டியும் அவண்ட மிசின் பாக்கும்."

"கார்ட் இல்லாம கார்ட் போடுற எடத்த எப்பிடி ராத்தா பாக்குற?"

"பல்லு டொக்டரிட்ட போக்குள்ள சோத்தையும் கட்டிக்கிட்டா போற?"

சாபுதீன் மோட்டார் சைக்கிளை எடுக்கப் போனான்.

லெப்டொப்பை மருதமுனைக் கைத்தறிச் சாரத்தில் சுற்றி, அவனுடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டேன். செக்பொயின்டில் ஆமிக்காரன் பிள்ளை என்று நினைத்தானோ என்னவோ, சாரத்தை மெதுவாக விலக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

கடைக்காரத் தம்பி டோர்ச் அடித்து அந்தப் பிளவுக்குள் பார்த்தார். காது துடைக்கும் பஞ்சுக் குச்சியை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி வெளியே எடுத்தார். பஞ்சு மண்ணிறம். மணந்து பார்த்தார்.

"காக்கா... இதுக்குள்ள யாரு கிரீஸ் வெச்ச?" என்று என்னை அண்ணனாக்கிக் கேட்டார்.

நான் சாபுதீனைப் பார்த்தேன். அவன் முகத்தில் வெட்கம் மருந்துக்கும் இல்லை.

"நான்தான் தம்பி. கடக்கரை ஊரு, உப்புக் காத்து. பெருநாள் முடிஞ்ச கையோட எல்லா ஓட்டைக்கும் வெச்சன். நல்ல கிரீஸ், எஞ்சினுக்கு வெக்கிற."

"இது போட் இல்ல காக்கா!"

"துரு புடிச்சிரிக்கா?"

"இல்ல..."

"அப்ப?"

கடைக்காரத் தம்பி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். சுனாமியில் கடல் கொண்டுபோன தன் எஞ்சின்களை உப்பும் துருவுமாகத் தோண்டி எடுத்தவன் சாபுதீன். அன்றிலிருந்து வீட்டில் தையல் மிசின், கேட் பூட்டு, என் குடை எதுவும் அவன் கிரீஸுக்குத் தப்பவில்லை. லெப்டொப்பை எப்படி விடுவான்?

கடைக்காரத் தம்பி ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, தன்னுடைய கார்ட் ஒன்றைச் செருகினார். உடனே திரையில் அவர் வீட்டு ஆடு வந்தது. அவ்வளவுதான் லெப்டொப்புக்கு வந்த நோய்.

வீட்டுக்கு வந்து எங்கள் கார்டையும் துடைத்துப் போட்டோம். முடியோடு பிள்ளை வந்தாள்... கண்ணை மூடிக்கொண்டு, கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு. "மாஷா அல்லாஹ்" என்று மனைவி திரையைத் தடவினாள். பிள்ளை தனியாக இருந்த படம் ஒன்றை ரினோஸா நெட்டில் அனுப்பினாள். அந்த நெட் போகிற வேகத்துக்கு நடந்தே கட்டார் போயிருக்கலாம்.

நிஸ்தார் ஃபோன் எடுத்தான்.

"உம்மா... நானும் சின்னதுல இப்பிடியா இருந்த?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவன் கைக்குழந்தையாக இருந்த படம் எங்கள் பழைய கடற்கரை வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தது. சுனாமியில் சுவரோடு அதுவும் போய்விட்டது. காட்ட ஒரு படமும் இல்லை.

மனைவி சொன்னாள்: "ஓம் மனே, இதே முடிதான். ஆனா நீ கறுப்பு."

அந்தப் பக்கம் அவன் சிரித்தான்... சிரித்து முடிக்க நேரம் எடுத்தது.

இப்போது அவன் நினைத்த நேரமெல்லாம் வீடியோ கோல். பேத்தி வளர்ந்துவிட்டாள், அவளுடைய ஃபோன் முழுக்க அவள் முகம்தான். எங்களுக்கு ஃபோனைச் சரியாகப் பிடிக்க வராது. அவன் பார்ப்பதெல்லாம் என் காதும் வீட்டுச் சீலிங்கும். "வாப்பா, கொஞ்சம் கீழ புடிங்க" என்று கத்துவான். முகம் பார்ப்பது அவ்வளவு லேசாகிவிட்டது... யாரும் நின்று பார்ப்பதில்லை.

அன்று அனுப்பிய படத்தை அவன் பிரிண்ட் எடுத்து, கட்டாரில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தான். ஊருக்கு வந்தபோது கழற்றிக் கொண்டுவந்தான். இப்போது அது எங்கள் ஹோலில் தொங்குகிறது.

வருகிறவர்கள் கேட்பார்கள்: "இது நிஸ்தார்ட மகளா, நிஸ்தாரா?"

மனைவி யோசிக்கவே மாட்டாள்.

"ரெண்டு பேரும்தான்."